தலைமையாசிரியர் ரிட்டயர் ஆகிறார்: எந்தப் பணம், எந்த வாசலில்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் பென்ஷன் பிரிவு மேசை பல வருடம் என்னுடையதாக இருந்தது. எங்களுக்கு மே மாதம்தான் அறுவடைக் காலம். எங்கள் மாவட்டத்து ஆசிரியர்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். அதாவது ஏட்டில். பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பாவிடம் வாத்தியார் ‘எப்பப் பொறந்தான்?’ என்று கேட்பார். அவர் ‘வெள்ளம் வந்ததே, அதுக்கு மறு வருஷம்’ என்று இழுப்பார். வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அன்று அவர் போட்ட தேதிதான் அறுபது வயதில் ஓய்வு நாளைத் தீர்மானிக்கிறது.

அப்படி ஒரு மார்ச் மாதம், நெல்லிக்குப்பம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை ஒருவர் மஞ்சள் துணிப்பையோடு வந்து உட்கார்ந்தார். “தம்பி, எங்க ஸ்கூல்ல ரிட்டயர் ஆன எல்லாருக்கும் நான்தான் ஃபைல் அனுப்பினேன். எனக்கு எவ்வளவு வரும்னு மட்டும் தெரியலை” என்றார். 2023 மே 31-ல் அவருக்கு ஓய்வு. அவருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ‘பென்ஷன் பணம்’ என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஐந்தாறு தனித்தனிப் பணம். வரும் வாசலும் தனித்தனி. மாத ஓய்வூதியம், அதில் ஒரு பங்கை முன்கூட்டியே விற்று வாங்கும் கம்யூட்டேஷன், பணிக்கொடை ஆகிய மூன்றையும் அனுமதிப்பது சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம். எல்லோரும் சொல்லும் பெயர் ஏ.ஜி. ஆபீஸ். சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துச் சேர்த்த சேமநல நிதியான ஜி.பி.எஃப். பணமும் அங்கிருந்துதான் வரவேண்டும், ஆனால் வேறு பிரிவு, வேறு ஃபைல். எடுக்காமல் மிச்சம் வைத்த விடுப்புக்கான சம்பளத்தை நம் துறையே அனுமதித்துக் கொடுத்துவிடும். இந்த வாசல் கணக்கு புரிந்துவிட்டால், ஒரு பணம் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஜி.பி.எஃப். வரவில்லை என்று கருவூலத்தில் போய் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அவரேதான் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு அந்தப் பொறுப்பு வட்டாரக் கல்வி அலுவலரிடம். ஆக, மற்ற ஆசிரியர்களின் கோப்பைத் தயார் செய்ய ஒரு எச்.எம். இருக்கிறார். எச்.எம்-மின் கோப்போ மேலே உள்ள அலுவலகத்துக்குப் போய், அங்கே இருக்கும் நூறு கோப்புகளோடு வரிசையில் நிற்கும்.

சரி, ஓய்வு நாள் எது? தமிழ்நாட்டில் 58 ஆக இருந்த வயதை 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். (நடுவில் இரண்டு வருடம் ரிட்டயர் ஆக ஆளே இல்லாமல் எங்கள் பிரிவு ஈ ஓட்டியது.) 60 முடியும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசி. ஜூன் 1-ல் பிறந்தவர் மே 31-ல் போய்விடுவார், ஜூன் 2-ல் பிறந்தவர் ஜூன் 30 வரை இருப்பார். பழைய வாத்தியாரின் பேனா ஒரு நாள் நழுவியதில் ஒரு மாதச் சம்பளம் போனவர்கள் உண்டு.

இன்கிரிமென்ட் விஷயமும் இதை ஒட்டியதுதான். தமிழ்நாட்டில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் வரும். ஜூலை 1 இன்கிரிமென்ட்காரர் ஜூன் 30-ல் ஓய்வு பெற்றால், வருடம் முழுக்க வேலை பார்த்தும் மறுநாள் வரும் உயர்வு கிடைக்காமல் போய்விடும். அந்த உயர்வைப் பென்ஷன் கணக்குக்காக மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2014 டிசம்பரில் அரசாணை வந்தது. உங்கள் தேதி அப்படி அமைந்திருந்தால் கேட்டு வாங்குங்கள். தானாக நடக்கும் என்று இருந்துவிட வேண்டாம்.

80,000 ரூபாய் சம்பளம், ஒரு வெள்ளைத்தாள்

அடுத்தது 1.4.2003 என்னும் கோடு. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு 1978-ம் ஆண்டு தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், அதாவது பழைய பென்ஷன். அன்றும் அதற்குப் பிறகும் சேர்ந்தவர்களுக்கு வேறு கதை. அதற்கு அப்புறம் வருகிறேன். மஞ்சள் துணிப்பையோடு வந்த டீச்சர் சேர்ந்தது 1993 ஆகஸ்ட் 20-ல். பழைய பென்ஷன்காரர்.

கணக்கு சுலபமாக வர, கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (டீச்சருடைய சம்பளம் அதுவல்ல. அடுத்தவர் சம்பளத்தை எழுதக்கூடாது.) அகவிலைப்படி 58 சதவீதம், 2025 ஜூலையில் அமலான வீதம்.

30 வருடம் தகுதியான பணி இருந்தால் முழு ஓய்வூதியம். அதாவது கடைசிச் சம்பளம் அல்லது கடைசிப் பத்து மாதச் சராசரி, இதில் எது லாபமோ அதில் பாதி. நம் கணக்கில் 40,000 ரூபாய். பணிக்காலம் குறைந்தால் விகிதப்படி குறையும். பத்து வருடமாவது இருந்தால்தான் மாத ஓய்வூதியம் உண்டு.

பணிக்காலத்தை இங்கே அரையாண்டு அரையாண்டாக எண்ணுவார்கள். 30 வருடம் என்றால் 60 அரையாண்டு. மிச்சமாக நிற்கும் மாதங்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அதையும் ஓர் அரையாண்டாகக் கூட்டிக்கொள்வார்கள். மூன்றுக்குக் குறைந்தால் விட்டுவிடுவார்கள். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், டீச்சரின் கதையே இதில்தான் இருக்கிறது.

இப்போது கம்யூட்டேஷன். மாத ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அரசுக்கு ‘விற்று’ மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம். 40,000-ல் மூன்றில் ஒன்று 13,333. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, பிறகு வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 60-ல் ஓய்வு பெறுபவருக்கு அந்த எண் 8.194. பெருக்கினால் சுமார் 13 லட்சத்து 11 ஆயிரம் ரூபாய் வரும். வருமான வரி கிடையாது.

பதிலுக்கு 15 வருடம் மாதம் 13,333 ரூபாய் பிடிப்பார்கள். கூட்டிப் பார்த்தால் 24 லட்சம். ‘பதிமூணு குடுத்துட்டு இருபத்துநாலு பிடிக்கிறான், கந்துவட்டி’ என்று டீக்கடையில் பேசுவார்கள். கந்துவட்டி இல்லை. இதை ஒரு வங்கிக் கடனாக நினைத்துக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம் வருகிறது. மலிவும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஆனால் சாதாரணக் கடனில் இல்லாத இரண்டு சலுகை இதில் உண்டு. ஓய்வூதியர் நடுவில் இறந்துவிட்டால் மீதியை யாரும் கட்டவேண்டாம். குடும்ப ஓய்வூதியத்தில் அதற்காக ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். அடுத்து, பிடித்தம் போக மிஞ்சும் ஓய்வூதியத்தின் மேல் அகவிலைப்படியைக் கணக்கிடுவதில்லை. முழு 40,000 மேலேயே 58 சதவீதம், அதாவது 23,200 வரும்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டுக் கடன் பாக்கியோ, பிள்ளை படிப்புக் கடனோ கழுத்தில் இருந்தால் கம்யூட் செய்யுங்கள். வாங்கி எங்கே போடுவது என்றே தெரியாதவர்கள், ‘எல்லாரும் வாங்குறாங்க’ என்பதற்காக வாங்க வேண்டாம். மொத்தப் பணம் கைக்கு வந்த வாரமே மனை புரோக்கரும், சீட்டுப் பிடிப்பவரும், தூரத்து மச்சானும் வீட்டைத் தேடி வந்துவிடுவார்கள். அவர்களுக்கு யார் சொல்கிறார்களோ, தெரியாது.

நம் எடுத்துக்காட்டில் மாதா மாதம் கைக்கு வருவதைப் பார்ப்போம். குறைத்த ஓய்வூதியம் 26,667, அகவிலைப்படி 23,200, மருத்துவப்படி 300. கூட்டினால் 50,167. இதில் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் (2022 திட்டத்தின்படி), ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு ஒரு சிறு தொகை என்று கழியும். சம்பளம் வாங்கிய காலத்தில் வந்ததில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இறங்குகிறோம் என்று இப்போதே வீட்டில் சொல்லிவைப்பது நல்லது.

பணிக்கொடையைக் கிராஜுவிட்டி என்றும், கோப்பில் டி.சி.ஆர்.ஜி. என்றும் சொல்வார்கள். ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம். இங்கே சம்பளம் என்றால் அகவிலைப்படியும் சேர்த்து. 80,000-க்கு 58 சதவீதம் சேர்த்தால் 1,26,400. அறுபது அரையாண்டுக்குப் பதினைந்து மாதச் சம்பளம். 18,96,000 ரூபாய். எவ்வளவு வருடம் உழைத்தாலும் பதினாறரை மாதச் சம்பளத்தைத் தாண்டாது. அதோடு ரூபாய்க் கணக்கிலும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2017 அரசாணையில் அது 20 லட்சம். சம்பளம் லட்சத்தை நெருங்கும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் இந்தச் சுவரில்தான் முட்டுவார்கள். அவர்கள் தங்கள் ஓய்வு நாளில் நடப்பில் உள்ள ஆணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டீச்சரின் நாத்தனார் புதுச்சேரி அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். “எங்க நாத்தனாருக்கு நாப்பது சதவீதம் கம்யூட் பண்ணாங்களே, நீங்க மூணுல ஒண்ணுங்கிறீங்க?” என்றார் டீச்சர். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் சட்டம் வேறு. (தாண்டுவதற்கு வேறு காரணம் வைத்திருப்பவர்களை விடுங்கள்.) புதுச்சேரியில் மத்திய அரசு விதிகள். அங்கே கம்யூட்டேஷன் 40 சதவீதம் வரை, ஈட்டிய விடுப்பு 300 நாள் வரை காசாக்கலாம், பணிக்கொடை உச்சவரம்பு 2024 ஜனவரியிலிருந்து 25 லட்சம். பழைய பென்ஷன் நின்ற கோடும் அங்கே 1.1.2004. கடலூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான், ஆனாலும் அங்கே உள்ளவர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. வாட்ஸ்அப்பில் வரும் ஆணை எந்த அரசு போட்டது என்று முதல் வரியிலேயே பாருங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஈட்டிய விடுப்பு அதிகபட்சம் 240 நாள் வரை காசாகும். கோடை விடுமுறை உண்டு என்பதால் ஆசிரியர்களுக்கு வருடத்துக்கு 17 நாள்தான் ஈ.எல். வரவாகும், அதிலும் வருடா வருடம் 15 நாளைச் சரண்டர் செய்து, அதாவது விடுப்பைக் கொடுத்துக் காசாக வாங்கி வந்தவர் கணக்கில் கடைசியில் பெரிதாக இருக்காது. கொரோனாவில் சரண்டரை நிறுத்தி வைத்திருந்த வருடங்களால் சிலருக்குக் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு மிச்சம் இருந்தால் அதற்கும் ஒரு வரம்பு வரை பாதிச் சம்பளக் கணக்கில் பணம் உண்டு. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஜி.பி.எஃப். உங்கள் சொந்தப் பணம், 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம். எஸ்.பி.எஃப். என்னும் சிறப்புச் சேமநல நிதிக்கு மாதம் இருபது, ஐம்பது, எழுபது என்று பிடித்தார்களே, அதுவும் சிறு தொகையாகத் திரும்ப வரும். விடுப்புப் பணம், பணிக்கொடை, ஜி.பி.எஃப். எதற்கும் அரசு ஊழியருக்கு வருமான வரி இல்லை. மாத ஓய்வூதியத்துக்கு மட்டும் சம்பளம் மாதிரியே வரிக் கணக்கு உண்டு.

நனைந்த எஸ்.ஆர்.

இந்தப் பணம் அத்தனைக்கும் அடித்தளம் பணிப்பதிவேடு. எஸ்.ஆர். இப்போது எல்லாம் அரசின் களஞ்சியம் மென்பொருளில் ஏறிவிட்டது, பென்ஷன் அனுமதி கேட்டு அனுப்பும் கருத்துருவும் அதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் கணினியில் ஏற்றியது பழைய நோட்டில் இருந்ததைத்தானே? நோட்டில் தப்பு இருந்தால் திரையிலும் அதே தப்பு பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சரின் எஸ்.ஆரை நான் வாங்கிப் பார்த்தபோது நடுப்பக்கங்கள் காய்ந்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததில் அவர் அப்போது வேலை பார்த்த பள்ளியின் அலுவலக அறைக் கூரை போய், பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நீல மை பரவி, 1997-ல் ஒரு பதிவு பாதிதான் படிக்க முடிந்தது: ‘ஊதியமில்லா அசாதாரண விடுப்பு 40 நாள்’. அதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை.

தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அசாதாரண விடுப்பை மருத்துவச் சான்றின் பேரில் எடுத்திருந்தால் அது பென்ஷனுக்குத் தகுதியான பணிக்காலம். சொந்தக் காரணத்துக்காக எடுத்திருந்தால் அந்த நாட்கள் கழியும். 1993 ஆகஸ்ட் 20-லிருந்து 2023 மே 31 வரை 29 வருடம் 9 மாதம் 11 நாள் அல்லது 12 நாள், எண்ணுகிறவரைப் பொறுத்து. மிச்சம் நிற்பது மூன்று மாதத்துக்கு மேல், ஆகவே 60 அரையாண்டு, முழு ஓய்வூதியம். அதில் 40 நாளைக் கழித்தால் 29 வருடம் 8 மாதத்தில் வந்து நிற்கும். மூன்று மாதம் தேறாது. 59 அரையாண்டு.

ஓர் அரையாண்டுதானே? நம் 80,000 எடுத்துக்காட்டில் போட்டுப் பாருங்கள். ஓய்வூதியம் மாதம் 667 குறையும். அகவிலைப்படியோடு ஆயிரத்தைத் தாண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. பணிக்கொடையில் 31,600 போகும். கம்யூட்டேஷனில் சுமார் 21,850 போகும். எல்லாம் ஒரு பாதி வரி அழிந்ததால்.

“அது எங்க பெரிய பொண்ணு பொறந்து எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப போட்ட லீவு தம்பி. டாக்டர் சர்டிபிகேட் குடுத்தேனே!” என்றார். கொடுத்தது சரி, ஆணை எங்கே? பழைய பள்ளியில் தேடச் சொன்னோம், இல்லை. அனுமதித்த அலுவலகத்தில் அந்த வருடப் பதிவேடுகளே இல்லை. கடைசியில், அவர் வீட்டுப் பரணில் மாமியாரின் டிரங்குப் பெட்டியில், பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகளுக்கு அடியில், அந்த விடுப்பு ஆணையின் சைக்ளோஸ்டைல் நகல் கிடைத்தது. ‘மருத்துவச் சான்றின் அடிப்படையில்’ என்ற மூன்று சொல் அதில் இருந்தது. எஸ்.ஆரில் திருத்தப் பதிவு போட்டு, உரிய அலுவலர் கையெழுத்தோடு கருத்துருவில் இணைத்தோம். ஏ.ஜி. ஆபீஸ் ஏற்றுக்கொண்டது.

உங்கள் எஸ்.ஆரை ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பே எடுத்து உட்கார்ந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பணியில் சேர்ந்த நாள் முற்பகலா பிற்பகலா, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஒவ்வொரு மாறுதலிலும் விடுவித்த தேதியும் சேர்ந்த தேதியும், தேர்வு நிலை, சிறப்பு நிலை ஆணைகள், ஆண்டுதோறும் பணிச் சரிபார்ப்புக் கையெழுத்து. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் இருந்தவர் என்றால் அந்தக் காலத்தை முறைப்படுத்திய பதிவு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இனிஷியல் முக்கியம். எஸ்.ஆரில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், வங்கியில் இரண்டும் கலந்து என்று இருக்கும் டீச்சர்கள் ஏராளம். நாமினேஷனையும் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டது, அம்மா போய்ப் பதினைந்து வருடம் ஆகியும் அப்படியே இருந்த ஜி.பி.எஃப். நியமனங்களை நான் கைவிரலுக்கு மேல் எண்ணியிருக்கிறேன்.

கருத்துரு ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே மேலே போய்விட வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம், மாதிரிக் கையெழுத்து, அங்க அடையாளம், குடும்ப விவரம், எந்தக் கருவூலம், எந்த வங்கிக் கணக்கு என்ற விவரம் எல்லாம் அதோடு. டீச்சர் மார்ச்சில் வந்தது தாமதம்தான். மற்றவர்களுடையதை ஆறு மாதம் முன்பே அனுப்பிய அதே கைதான்.

நாற்காலிக்கு உரிய கடன்கள்

சாதாரண ஆசிரியருக்கு இல்லாத ஒன்று தலைமையாசிரியருக்கு உண்டு: அவர் பெயரில் பணமும் பொருளும் கணக்கில் நிற்கும். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணம், பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி மானியம், விலையில்லாப் பாடநூல், சைக்கிள், ஆய்வகப் பொருள். தணிக்கைக்கு வருபவர் எழுதிவைக்கும் ஒவ்வொரு ஆட்சேபணைக்கும், அதாவது தடைக்கும், அந்த நாற்காலியில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். சில தடைகள் நமக்கு முந்தைய எச்.எம். காலத்தவை. அவர் காலமாகியே இருப்பார். ஆனாலும் நிலுவையின்மைச் சான்று நம் பெயரில் வரும்போதுதான் அது கிளம்பும்.

எனக்குத் தெரிந்த ஒரு மேல்நிலைப் பள்ளி எச்.எம்-முக்கு நாலு லேப்டாப் பிரச்சினை. மாணவர்களுக்குக் கொடுக்க வந்து அறையில் பூட்டி வைத்திருந்தது, இரவில் பூட்டை உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். போலீசில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலையும் வாங்கிவிட்டார். அதற்கு அப்புறம் அவர் அதைத் தொடவில்லை. ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று காவல் நிலையம் தரும் சான்று இல்லாமல் கணக்கிலிருந்து நீக்க முடியாது என்பது, ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பள்ளிக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தே ஒரு ஜோடி செருப்புத் தேய்ந்தது என்பார்.

தடை நிலுவை என்பது ஒன்று, ஒழுங்கு நடவடிக்கை என்பது வேறு. ஓய்வு நாளில் துறை விசாரணையோ குற்ற வழக்கோ நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வரும். பணிக்கொடை முடிவு தெரியும்வரை நிற்கும். வெறும் தணிக்கைத் தடையை ஒழுங்கு நடவடிக்கை மாதிரி யாராவது பயமுறுத்தினால், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டு என்று கடைசி மாதத்தில் வரும் பிடித்தமும் ஒரு தொல்லை. பத்து வருடம் முன்பு யாரோ தப்பாகப் போட்ட இன்கிரிமென்டை இப்போது கண்டுபிடிப்பார்கள். ஊழியர் ஏமாற்றாமல், அலுவலகமே தவறாகக் கொடுத்த தொகையை ஓய்வு பெற்றவரிடமிருந்தோ ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமிருந்தோ வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில், பஞ்சாப் அரசு தொடர்பான ரஃபிக் மசீ வழக்கில் சொல்லியிருக்கிறது. ‘நான் தப்பாக வாங்கினால் திருப்பித் தருகிறேன்’ என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறலாம். அதனால் எதிலும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். எச்.எம்-கள் ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள், படிக்காமலே போடுவார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

1.4.2003-க்குப் பிறகு வந்தவர்கள். இவர்களில் பலர் 2003-லிருந்து 2006 வரை தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 1.6.2006 முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்த பட்டதாரி ஆசிரியர்கள். இன்று அவர்களில் சிலர் தலைமையாசிரியர்கள். இவர்களுக்கு ஜி.பி.எஃப். இல்லை, பழைய பென்ஷன் இல்லை. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சி.பி.எஸ். சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசு அதே அளவு போடும். மற்ற பல மாநிலங்கள் மாதிரி இந்தப் பணத்தை மத்திய ஓய்வூதிய ஆணையத்திடம் தமிழ்நாடு ஒப்படைக்கவில்லை. ஓய்வு பெறும்போது இரண்டு பங்கையும் வட்டியோடு மொத்தமாகக் கொடுத்துவிடும். மாதா மாதம் ஒன்றும் வராது. இருபது வருடம் தலைமையாசிரியராகவும் ஆசிரியராகவும் இருந்துவிட்டு, ஒரு காசோலையோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

இதற்குத்தான் இத்தனை வருடப் போராட்டம். 2026 ஜனவரி 3-ல் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்றை முதலமைச்சர் அறிவித்தார். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீத ஓய்வூதியம், ஊழியர் பங்கு 10 சதவீதம், ஓய்வூதியத்துக்கும் அகவிலைப்படி, இறந்தால் குடும்பத்துக்கு அதில் 60 சதவீதம், 25 லட்சத்துக்குள் பணிக்கொடை என்பது அறிவிப்பின் சாரம். சி.பி.எஸ்-காரர்கள் இந்த அறிவிப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போடாமல், தங்கள் ஓய்வு தேதிக்கு எந்த அரசாணை பொருந்தும் என்று அலுவலகத்தில் கேட்டு நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே செய்யலாம். சி.பி.எஸ். கணக்குச் சீட்டை எடுத்து, மாறுதல் ஆன மாதங்களில் பிடித்த தொகை வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்ட வரவு என்பது இங்கே சர்வசாதாரணம்.

மே 31-க்கு அப்புறம்

பி.பி.ஓ. என்னும் ஓய்வூதியக் கொடுப்பாணை வந்ததும் மாவட்டக் கருவூலத்திலோ சார்நிலைக் கருவூலத்திலோ போய் முதல் அடையாளம் காட்ட வேண்டும். பண்ருட்டிக்காரர் பண்ருட்டியிலேயே காட்டலாம், கடலூருக்கு வரவேண்டாம். அப்போதே பி.பி.ஓ-வில் துணைவர் பெயர், பிறந்த தேதி, குடும்ப ஓய்வூதியத் தொகை மூன்றும் சரியா என்று பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் வழக்கமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இறப்பு சீக்கிரம் நேர்ந்தால் சில வருடங்களுக்குக் கூடுதல் வீதம் உண்டு. பிழையை இன்று திருத்த ஒரு மனு போதும். நாளை அவர் இல்லாதபோது அந்த அம்மா அலைவது பெரும்பாடு.

உயிரோடு இருப்பதைக் காட்ட வருடம் ஒருமுறை நேர்காணல். முன்பு எல்லோரையும் ஒரே சமயத்தில் கருவூலத்து வாசலில் வேப்பமர நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் போனால் போதும். ஜீவன் பிரமாண் என்னும் டிஜிட்டல் உயிர்ச் சான்று மூலம் கைரேகை வைத்தும் முடித்துக்கொள்ளலாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து கொடுப்பார். 80 வயது முடிந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறிக்கொண்டே போய் நூறில் இரட்டிப்பாகும்.

டீச்சர் இப்போதும் மே மாதம் நேர்காணலுக்கு மஞ்சக்குப்பம் வருகிறார். தபால்காரர் வரை வேண்டாம், பழைய ஆட்களைப் பார்க்கலாம் என்பார். போன முறை பி.பி.ஓ-வைப் பையிலிருந்து எடுத்தபோது பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. என்ன என்று கேட்டேன். கம்யூட்டேஷன் பிடித்தம் 15 வருடத்தில் முடிந்ததும் முழு ஓய்வூதியம் திரும்ப வேண்டும் அல்லவா, அந்த வருடம். ‘2038. கேட்கணும்’ என்று எழுதி, அடியில் பள்ளிக்கூடத்தில் போடுவது போலவே இரண்டு கோடு போட்டிருந்தார்.